பால் டின் மூடிகள்

ஜூன் 8, திங்கள்
என்ன நோட்டு, நல்லா இருக்கியா? மூன்று நாளாக உன்னைத் தொடவில்லை. என் டீக்கடையில் நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கி இரண்டு மாதம். பொட்டலம் கட்டிக் கொடுப்பது மட்டும்தான்.

இன்று எங்கள் சந்துக் கடைக்காரர் சங்கத்திலிருந்து சிவானி என்ற பொண்ணு வந்தது. நோய் பரவாமல் இருக்கப் போட்ட தடை தளரப் போகிறதாம். யார் எந்த நேரம் நாற்காலி போடலாம் என்று, எப்போது எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கணக்கைப் பார்த்துத்தான் சொல்வார்களாம்.

“எப்பவும் கூட்டம்தான்,” என்றார் பக்கத்து இட்லிக்கடை அண்ணாதுரை.

“எப்பவும்னா எத்தனை பேரு அங்கிள்?”

சிவானி கேட்டதும் அவர் இட்லித்தட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

நான் கம்பிகளைக் காட்டினேன். பால் டின் திறந்தால் மூடியைக் கம்பியில் கோர்ப்பது என் பழக்கம். ஒரு தொழுகையிலிருந்து அடுத்த தொழுகை வரை ஒரு கம்பி. ஒரு டின்னுக்குப் பதினைந்து கிளாஸ். தடைக்கு முந்தின வாரத்து மூடிகள் அப்படியே தொங்குகின்றன.

“யூசுப் அங்கிள், இது டேட்டா லா.”

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். சாயங்காலம் வீட்டுக்குப் புக்கிட் பாத்தோக் பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன், நெஞ்சை நிமிர்த்தி.

ஜூன் 10
சிவானி மூடிகளை எண்ணி வரைபடம் போட்டுக் காட்டியது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கம்பியில் மூடி குறைவு, என் கடை காலியாம். அப்போது எல்லா நாற்காலியும் போடலாமாம், மற்ற நேரம் பாதிதான்.

ஜூன் 11
காலியா? அந்த நேரம்தானே அன்வர் அண்ணன் கூட்டம் வரும். இருபது பேரு, எல்லாம் எழுபது தாண்டினவங்க, இடிச்சுக்கிட்டு உக்காருவாங்க. எல்லாருக்கும் சுகர். குடிக்கிறது சீனி போடாத தே ஓ, கறுப்பு டீ. அதுல பாலே இல்ல. பால் இல்லன்னா மூடி ஏது?

சொன்னா நாற்காலி போயிடும். சொல்லாட்டி? நோய் அவங்களைத்தானே முதல்ல பிடிக்கும்.

ஜூன் 12
சொல்லிவிட்டேன். சிவானி சிரிக்கவில்லை. “நல்லவேளை சொன்னீங்க. எல்லா டீக்கடையிலயும் தே ஓ எத்தனை போகுதுன்னு மறுபடி கேக்கணும்.”

“வாயைத் தொறந்து நாற்காலியை விட்டுட்டியே பாய்,” என்றார் அண்ணாதுரை. விட்டேன்தான். ஆனால் ஆளை எண்ண, சந்துக் கடைகள் முழுக்க இப்போது என்னுடையது போலக் கம்பி தொங்குகிறது.

ஜூன் 19, வெள்ளி
பாதி நாற்காலி போட்டாச்சு, அஸர் வரைக்கும். அதற்குப் பிறகு வந்த அன்வர் அண்ணன் முறைத்தார்: “நாங்க மட்டும் நிக்கணுமா?”

“காலையில பத்து மணிக்கு வாங்கண்ணே. உங்க ஆளுங்களும் ஆளுக்கு ஒரு நேரமா வரட்டும்.”

ஜூன் 25
காலை பத்து. மேசைக்கு இரண்டு பேராகப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தே ஓவுக்குப் புதுக் கம்பி. கிளாஸுக்கு ஒரு சோடா மூடி. அன்வர் அண்ணன் கூப்பிடுகிறார்: “யூசுப், தே ஓ ரெண்டு. மூடியைக் கோத்தியா?”

கோத்துட்டேன்ணே, இதோ இந்த வரியை முடிச்சுட்டு