அலமாரிக்குள் பேசியது

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

இந்த நடுராத்திரியில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மூன்று தடவை கூப்பிட்டேன். வேலை முடிகிறவரை போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று தெரியும். தெரிந்தும் கூப்பிட்டேன்.

பாப்பாவுக்குச் சளி பரவாயில்லை. இருமல்தான் விடவில்லை. எல்லாம் வெளியில் வந்ததே அந்த இருமலால்தான்.

உங்கள் சிநேகிதர் மைக்செட்காரர் போன வாரம் ஒரு வேலை கொடுத்தார் இல்லையா? தேர்தல் ஆபீஸ் அறிவிப்பு, தங்கச்சி குரல்தான் எடுப்பாக இருக்கும் என்றார். வழக்கம்போல எதிரொலி வராமலிருக்க அலமாரிக்குள் போர்வையைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தேன். பள்ளிக்கூடத்தில் கட்டட வேலை நடப்பதால் வாக்குச்சாவடி பஸ் டெப்போ குடோனுக்கு மாற்றப்பட்டுள்ளது, அவ்வளவுதான். கடைசியில் பாப்பா இருமினாள். சின்னச் சத்தம்தானே என்று அப்படியே அனுப்பிவிட்டேன்.

இன்று சாயங்காலம் அத்தைக்கு ஒரு போன், எடுத்தால் அந்தப் பதிவு. கேட்டுவிட்டு நேரே சமையலறைக்கு வந்து, ஏம்மா, பக்கத்து ரூமில் இருந்துகொண்டு எனக்கு எதற்குப் போனில் சொல்கிறாய் என்றார்கள். யார் குரலோ என்று சமாளித்தேன். குரல் கிடக்கட்டும், என் பேத்தி இருமல் எனக்குத் தெரியாதா என்றார்கள்.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு செங்கல்கூட அசையவில்லை. விடிந்தால் ஓட்டுப்பதிவு, வரிசைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். போன் வந்தது நம் தெருவுக்கும் பின்தெருவுக்கும் மட்டும். இரண்டும் தேர்தலில் நிற்கிற நம் நர்ஸ் அக்காவுக்கு ஓட்டுப் போடுகிற தெரு. பாப்பா பிறந்த அன்று விடியவிடிய என் கையை விடாமல் இருந்தாரே, அவருக்கு. மேல்வீட்டுத் தையல்காரர் டெப்போவுக்கு வண்டிகூடச் சொல்லிவிட்டார். அந்தப் பொண்ணு என்ன தெளிவா சொல்லுது என்று என்னிடமே பாராட்டுகிறார்!

மைக்செட்காரரைக் கேட்டேன். சும்மா சோதனைக்கு விட்டது, தவறுதலாகப் போய்விட்டது என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க தங்கச்சி, அவருக்குத் தெரியாததா என்றார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்த ஆள் வாய்க்குப் பூட்டு ஏது? பொய்யாகத்தான் இருக்கும். ஆனால் அத்தையின் நம்பர் புதிது, போன மாதம் நீங்கள் வாங்கிக் கொடுத்தது. நம் இரண்டு பேரைத் தவிர, தண்ணீர் வராத நாளில் சொல்வதற்கென்று நீங்கள் வைத்திருக்கும் இந்த இரண்டு தெருப் பட்டியலில் மட்டும்தான் அது இருக்கிறது. யாரோ கேட்டார்கள், எதற்கென்று தெரியாமல் கொடுத்துவிட்டீர்களா? நானும் தெரியாமல்தானே பேசினேன்?

இப்போது மறுபடி அலமாரிக்குள் உட்கார்ந்து இன்னொன்று பேசி வைத்திருக்கிறேன். சாவடி மாறவில்லை, முதலில் சொன்னது பொய், சொன்னவளும் நான்தான் என்று. நர்ஸ் அக்கா ஆறு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவார். அதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன், அதில் மாற்றமில்லை. ஆனால் நம்பர்கள் எப்படிப் போயின என்று அவர் கேட்பார். நான் என்ன சொல்லட்டும்?

நாலு மணிக்குப் போன் உங்கள் கைக்கு வந்துவிடும். உங்களுக்கும் தெரியாது என்று ஒரு வரி எழுதினால் போதும். பாப்பா உங்கள் தலையணையில்தான் தூங்குகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா