பச்சை விசில்

29.10.99, வெள்ளி

மேகமூட்டம். கெமிஸ்ட்ரி ரெக்கார்டு பாக்கி. வரைந்த குடுவை பூசணிக்காய் மாதிரி.

எதிர்வீட்டு மாடியில் ஜோசப் அண்ணன் இன்றைக்கும் ஆறு மணிக்கு ஆஜர். மூன்று தடவை விசில். கொஞ்ச நேரம் காது கொடுத்து நிற்பார். இறங்கிவிடுவார். பட்டாளத்துக்காரர். கார்கில் சண்டையில் ஹெலிகாப்டர் பனிமலையில் விழுந்து, பிழைத்து வந்தவர். வலக்கையில் மூன்று விரல் இல்லை. தெருவுக்கு இவ்வளவுதான் தெரியும்.

நான் வைத்த பெயர்: குக்கர். மூன்று விசில், சாதம் ரெடி. கூடப் படிக்கிற இம்ரான் சிரித்துச் சிரித்து சைக்கிளோடு சாய்ந்தான்.

"யாராச்சும் பதிலுக்கு ஊதுனா என்ன பண்ணுவாரு மச்சா?"

நல்ல கேள்வி. பிளாஸ்டிக் விசில் வாங்கியாகிவிட்டது. பச்சை.

30.10.99, சனி

எங்கள் மாடி, தண்ணீர் டாங்குக்குப் பின்னால் நானும் இம்ரானும். அவர் மூன்று. நான் மூன்று. ஆள் சிலை. மறுபடி மூன்று. நானும் விடவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பக்கமும் பார்த்தார். அப்புறம் கீழே வந்து, செருப்புகூட இல்லாமல், காலை இழுத்து இழுத்து பேக்கரி முனைவரை தேடிக்கொண்டே போனார்.

"குக்கருக்கு வெயிட் கழண்டுடுச்சு," என்றேன்.

இம்ரான் சிரிக்கவில்லை. "விட்றா மச்சா. பாவம்டா."

31.10.99, ஞாயிறு

பூசை முடிந்து மாதா கோயில் வாசல். ஜோசப் அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அக்கா, அம்மாவோடு. நான் பக்கத்தில், பாட்டுப் புத்தகம் படிக்கிற மாதிரி.

"நேத்து நல்லா தூங்குனாருக்கா. வந்ததுல இருந்து இப்படித் தூங்குனதே இல்ல. பதில் வந்துச்சு ஸ்டெல்லாங்கறாரு."

"என்ன பதிலு?"

"ஹெலிகாப்டர் ரெண்டா ஒடஞ்சு, இவரு ஒரு பக்கம் மாட்டிக்கிட்டாரு. கூட வந்த சேலத்துப் பையன் பள்ளத்துக்கு அந்தாண்ட. பனியில மொகம் தெரியல. தூங்குனா உசுரு போயிடுமாம். அதான் மாத்தி மாத்தி விசில் ஊதிக்கிட்டே இருந்திருக்காங்க. இவரு கொஞ்சம் கண்ணசந்துட்டாரு. முழிச்சு ஊதுனா பதிலே இல்ல. தேடி வந்தவங்களுக்கு இவரு விசில் ஒண்ணுதான் கேட்டுச்சு."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பாட்டுப் புத்தகத்தை மூடினேன். இம்ரானிடம் சொல்லவில்லை.

மாலை. அவர் ஐந்தரைக்கே மாடியில். இஸ்திரி போட்ட சட்டை. தலை வாரியிருந்தார். மூன்று விசில்.

டாங்குக்குப் பின்னால் நான். விசில் வாயில். ஊதினால் பொய். ஊதாவிட்டால் அந்தப் பையன் இன்னொரு தடவை சாகிறான்.

ஊதவில்லை.

இருட்டும்வரை ஊதிக்கொண்டே இருந்தார். ஸ்டெல்லா அக்கா வந்து, "வாங்க, போதும்," என்றது கேட்டது.

"இருடி. தூங்கிட்டிருப்பான்."

1.11.99, திங்கள்

கர்நாடக ராஜ்யோத்சவம், காலேஜ் லீவு. தூறல். முனையில் மஞ்சள் சிவப்புக் கொடி, ஸ்பீக்கரில் பாட்டு. தோசை பாதியோடு சரி.

அம்மா: "என்னடா, வாயில கொழுக்கட்டையா?"

ஆறு மணிக்கு அவர் மாடிக்கே போனேன். வழியில் தயாரித்ததெல்லாம் மறந்துவிட்டது. விசிலை நீட்டினேன்.

"அண்ணே, சனிக்கெழம ஊதுனது நான்தான். சும்மா வெளையாட்டுக்கு."

வாங்கினார். மிச்சமிருந்த விரல்களில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"நேத்து இருந்தியா?"

"டாங்குக்குப் பின்னால இருந்தேண்ணே."

"நான் ஊதுனது கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே."

"கேட்டும் சும்மா இருந்தே."

இறங்கிப் போய்விட்டார். விசிலோடு. மன்னிப்பு கேட்கவே இல்லை நான்.

2.11.99, செவ்வாய்

கல்லறைத் திருநாள். காலேஜுக்கு முன்னால் அம்மாவோடு கல்லறைக்கு. சாமந்தி, மெழுகுவத்தி, சேறு.

பெரிய சிலுவையடியில் ஜோசப் அண்ணன். மெழுகுவத்தியை ஒரு கையால் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினார்.

ஸ்டெல்லா அக்கா அம்மாவிடம்: "சேலத்துப் பையனுக்குக்கா. இத்தன நாளா ஏத்தவே விடல. செத்துட்டான்னு சொல்லக்கூடாதும்பாரு."

இது நல்லதா, நான் செய்த கொலையா? தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் சேற்றைப் பார்த்தேன்.

ஆறு மணி. எதிர்வீட்டு மாடியில் ஆள் இல்லை. ஆறே கால். இல்லை.

எங்கள் சமையலறையில் குக்கர் ஒரு விசில் அடித்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அடுத்த இரண்டு வருவதற்குள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அரிசி வேகவில்லை. அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.