நாலு பேர் வர்றோம்!

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? விஸ்கான்சினில் பனி விழத் தொடங்கியிருக்குமே. இங்கே யூட்டா வெயிலில் என் மூக்குத் தோல் உரிகிறது. மற்றபடி நலம்.

ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கும் தோழிகள் காரில் ஊர் சுற்றக் கிளம்பியபோது என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பாலைவனப் பள்ளத்தாக்கில் சின்ன நடை. ஓர் ஆள் மட்டும் ஒருக்களித்து நுழையும் பாறை இடுக்கு. எத்தனை பேர் வருகிறோம் என்று கத்திவிட்டுத்தான் நுழைய வேண்டும். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் வந்து சேரும்வரை காத்திருப்பார்கள்.

"நாலு பேர் வர்றோம்!" என்று கத்தினாள் டார்லா. நாங்கள் ஐந்து பேர். திருத்தலாமென்று கடைசியில் நின்ற நான் வாயெடுப்பதற்குள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள்.

பாதி வழியில் ஒரு தாடிக்காரர் தன் கூட்டத்தோடு எதிரே வந்து நின்றார். "நாலு பேரும் வந்தாச்சே, நீ யாரும்மா?"

வந்த வழியே பின்னால் நகர்ந்து வெளியேறி, அவர்கள் கூட்டம் கடந்தபின் மறுபடி நுழைந்தேன்.

"எங்கடி போன? போட்டோகூட எடுத்து முடிச்சாச்சு!" என்றாள் டார்லா. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

தூரத்திலேயே கண்ணில் படுமே, அப்பாவின் அந்த ஆரஞ்சு வேட்டைத் தொப்பியை அனுப்பி வையம்மா. வெயிலுக்குத்தான். வேலைக்கு நேரமாகிவிட்டது. அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நான் நம் காட்டில் எங்கே நின்றாலும் அப்பா என்னைக் கண்டுபிடித்துவிடுவார், இல்லையா?

உன் லினியா