கிலுகிலுப்பை நின்றபோது

அக்கா,

என்னை இந்தக் குடி மறுவாழ்வு இல்லத்தில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது நீ உன் பாப்பாவை என் கையில் தரவில்லை. அது சரிதான். கை அப்படி நடுங்கியது.

இங்கே மாலையானால் எல்லோரும் சேர்ந்து வாத்தியம் வாசிக்க வேண்டும். பாட்டு டீச்சர் முதல் நாளே என் கையைப் பார்த்துவிட்டு ஒரு கிலுகிலுப்பையை நீட்டினார்.

"இது உனக்குத்தான்யா. மத்தவங்க ஆட்டணும், உனக்குத் தானா ஆடும்."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். குடிக்காமல் சிரித்து எத்தனை காலமாயிற்று!

அதன்பின் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே பகலைத் தாண்டினேன். நா வறண்டு மனம் அலையும்போது, மேளம் தட்டும் லாரி டிரைவரின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறுவேன்.

நேற்று பாதிப் பாட்டில் என் கிலுகிலுப்பையின் சத்தம் நின்றுவிட்டது.

"என்னப்பா, தூங்கிட்டியா?" என்றார் டிரைவர்.

குனிந்து பார்த்தேன். கை நடுங்காமல் சும்மா இருந்தது. அடுத்த தாளத்துக்கு நானாகத்தான் ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரலாமாம். பாப்பாவையும் கூட்டி வா. என்னிடம் தூக்கத் தரவேண்டும் என்றில்லை. கிலுகிலுப்பை ஆட்டிக் காட்டுகிறேன். தாளம் தப்பினால் அவள் சிரிக்கட்டும்.

விட்டுவிட்டுப் போனாயே, அதற்கு நன்றி.

உன் தம்பி