மோதிரம் போடும் காட்சி

ஞாயிறு, அரியலூர்.

வீட்டிலிருந்த ப்ளூ-ரே படங்களையெல்லாம் என் கணவர் சுருக்கி ஹார்டு டிஸ்கில் ஏற்றிவிட்டார். இனி வைஃபையிலேயே டிவியில் பார்க்கலாமாம். எங்கள் கல்யாண வீடியோவும் அதில் இருந்தது. இன்று போட்டுப் பார்த்தேன். தாலி கட்டியதும் நேராகப் பந்திக்குப் போய்விட்டது. என் அண்ணன் இவருக்கு மோதிரம் போடும் காட்சியையே காணோம்.

"சுருக்குறப்ப போயிருக்கும். அந்தப் பழைய ப்ளூ-ரே டிஸ்க்கத் தூக்கிப் போட்டுடு" என்றார் இவர்.

சுருக்கினால் படம் மங்கும். ஆள் எப்படிக் காணாமல் போவார்?

டிஸ்க்கை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவிட்டேன். திருமானூரிலிருந்து அண்ணன் அடுத்த வாரம் வருகிறார். விரல் பருத்துவிட்டது, மோதிரத்தைப் பீரோவில் வைத்திருக்கிறேன் என்று இவர் எப்போதோ சொன்னது. சாவியைக் கேட்டேன்.

"எங்க வச்சேன்னு தெரியல, நாளைக்குத் தேடித் தரேன்."

அது இவர் அரைஞாண் கயிற்றில்தான் தொங்குகிறது.