பட்டுதான் என்று சொன்ன பவானி அக்காவுக்கு

என் பவானி அக்கா,

நீ இருக்கிற இடத்தில் கடையும் இருக்காது, டூரிஸ்ட் பஸ்ஸோடு வருகிற கைட்டும் இருக்க மாட்டான் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். இருந்தால் சொல்லு, அங்கேயும் வந்து சண்டை போடுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு பிரஷர் இறங்கவே இல்லை. கட்டுக்கலை வீட்டுத் தகரம் நீ இருந்தபோது ஒழுகிய அதே இடத்தில்தான் ஒழுகுகிறது. இன்னொன்று, நான் உன் கடையில் வேலை செய்கிறேன். பேராதனை வீதியில் அதே பட்டுக் கடை, நீ நின்ற அதே கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால். திட்டாதே. முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டு.

போன மாதம் முதலாளி நம் வீட்டுக்கு வந்தார். உன் சாவுக்கு வராதவர் சீசனுக்கு வந்தார். பெரஹெரத் திருவிழா நெருங்குகிறது, ஸ்பெயின்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள், அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை பேசக் கடையில் ஆள் இல்லை. அம்மா கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தார்.

"பவானிகூட சேந்து நீயும் அந்தப் பாஷை படிச்சியாமே. நாளைக்கே வந்திரு தங்கச்சி" என்றார் முதலாளி.

"அக்காவ ஏன் வேலைய விட்டு நிப்பாட்டுனீங்க? மொதல்ல அதச் சொல்லுங்க."

"அது முடிஞ்சு போன கதை. இப்ப எதுக்கு அதெல்லாம்?"

யாருக்கு முடிந்தது அக்கா? நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னைப் பார்த்தார். மருந்து தீர்ந்துபோன நாட்களில் பார்ப்பாரே, அந்தப் பார்வை. மறுநாள் காலையில் உன் சாரியையே கட்டிக்கொண்டு போய் நின்றேன். என் ரோஷத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

நாம் படித்த அழகு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ வேலை விட்டு வந்து குசினியில் நின்றபடி பாடம் ஓடுகிற ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக மெல்லுவாய். நான் அப்பாவின் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு வெள்ளைக்கார அம்மாவாக வருவேன். "குவாந்தோ குவெஸ்தா?" என்ன விலை? நீ சொன்னதும் "காரோ, காரோ!" விலை கூட என்று மூஞ்சியைச் சுளிப்பேன். நீ "மாஸ் பராதோ" என்று விலையைக் குறைத்து, அம்மாவின் நைலக்ஸ் சாரியைப் பட்டு என்று என் தலையில் கட்டுவாய். தியெந்தா என்றால் கடை, போல்ஸா என்றால் பை. மேசைக்கு மேசா, காலில் போடுகிற சப்பாத்துக்கு ஸபாத்தோ என்று தெரிந்த நாள் நீ அடுப்பில் குழம்பையே மறந்துவிட்டாய். "பாதிப் பாஷை நமக்கு ஏற்கெனவே தெரியும்டி!" என்று குதித்தாய். அடிப்பிடித்த குழம்பைத்தான் அன்றைக்குச் சாப்பிட்டோம்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரிந்ததுதான். ஊரில் வேறு கதை ஓடுகிறது, அதனால் மற்றவர்களும் படிக்கட்டும்.

கைட் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்துவான், கடை அவனுக்குக் கமிஷன் கொடுக்கும். கண்டியில் எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம் அது. வந்தவர்கள் கேட்பதும் நாம் சொல்வதும் அவன் வாய் வழியாகத்தான் போக வேண்டும். நீ நேரே பேச ஆரம்பித்ததும் அவர்கள் அவனை விட்டுவிட்டு உன் பக்கம் திரும்பினார்கள். அந்த நீலத் தொப்பி போட்ட கைட்டின் முகம் அன்றே கறுத்துவிட்டது என்று நீதானே சொன்னாய்.

அன்றைக்கு ஒரு வயதான தம்பதி நீலச் சால்வை ஒன்றை விரித்துப் பார்த்தார்கள். "ஸேதா? தே வெர்தாத்?" பட்டா, நிஜமாகவா என்று கேட்டார்கள். நீ "ஸீ, ஸீ" என்றாய். ஆமாம் என்பதற்கு அவர்களுடைய சொல். சொல் சரி. கூடவே, நாம் எல்லோரும் ஆட்டுகிற மாதிரி, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாய். கண்டியில் பிறந்தவர்கள் வேறு எப்படி ஆமாம் சொல்வோம்? கோயில் ஐயர் கேட்டாலும் பஸ் கொண்டக்டர் கேட்டாலும் நம் தலை அப்படித்தான் ஆடும். அவர்கள் ஊரில் அதற்கு இல்லை என்று அர்த்தம். எவ்வளவோ சொல் படித்த நமக்கு இது தோன்றவே இல்லை.

அந்த கைட்டுக்கு இரண்டு ஊர்த் தலையாட்டலும் தெரியும். அவன் சிரித்துக்கொண்டே அவர்கள் பாஷையில், "பாருங்க, இவளே இல்லைங்கிறா" என்றான். உனக்கு அது ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. நீ பதில் தேடுவதற்குள் சால்வையைப் பெட்டிமேல் வைத்துவிட்டு எல்லோரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

"சரக்கு போலின்னு ஒங்க புள்ளையே சொல்லிருச்சு. இனி என் பஸ் இங்க நிக்காது" என்று அவன் முதலாளியிடம் சொன்னான். முதலாளிக்கு அந்தத் தலையாட்டல் தெரியாதா? அவரும் இந்த ஊர்க்காரர்தானே. அவன் சொன்னதை எல்லாம் தலையை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு, "சரி சரி, நாளையிலேருந்து அவ வரமாட்டா" என்றாராம். அதை எனக்கு நடித்துக்காட்டி நீ சிரித்தாய். எனக்கு அன்றும் சிரிப்பு வரவில்லை, இன்றும் வரவில்லை.

பிறகு கண்டியில் எந்தக் கடையும் உன்னை எடுக்கவில்லை. எல்லாக் கடைக்கும் அதே கைட்மார்தானே போகிறார்கள். கெலிஓயாவில் ஒரு விடுதியில் படுக்கை விரிப்பு துவைக்கப் போனாய். மழைக்காலம் வந்தது, டெங்கு வந்தது. கொசுதான் கொன்றது, வேறு யாரும் இல்லை என்கிறார்கள். சரி. பட்டைப் போலி என்று சொன்ன பொண்ணு என்ற பெயரோடு உன்னைத் தூக்கிக்கொண்டு போனோமே, அந்தப் பெயரையும் கொசுவா கொடுத்தது?

போன கிழமை அதே கைட் கடைக்கு வந்தான். ஒரு வெள்ளைக்கார அம்மா சிவப்புச் சால்வையை எடுத்து உன்னிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். நான் தலை ஆடாமல் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு "ஸீ, செனியோரா. ஸேதா" என்றேன். அவன் என்னைப் பாராட்டுகிற மாதிரி தமிழில் சொன்னான்:

"நல்லா பேசுறியே. முந்தி ஒருத்தி இருந்தா, தலைய ஆட்டியே கடையக் கெடுத்தவ."

நான் அவன் பக்கம் திரும்பவில்லை. அந்த அம்மாவிடம் சொல்லத் திரும்பினேன். இவன் பொய்க்காரன், அவள் என் அக்கா, அவள் செத்துப்போனாள் என்று. வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை, அக்கா. என்னிடம் இருந்தது விலை, நிறம், அளவு, பை, மலிவு. அக்கா என்பதற்கு அவர்கள் என்ன சொல்வார்கள்? பொய்க்கு? சாவுக்கு? கடையில் தேவைப்படாது என்று நாம் படிக்காமல் விட்ட சொற்கள்தான் எல்லாம். "போல்ஸா?" என்று கேட்டுப் பையில் போட்டுக்கொடுத்து, "கிராசியாஸ்" என்று நன்றியும் சொன்னேன். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு போனான்.

இப்போது பின்னேரங்களில் தனியாகப் படிக்கிறேன். எர்மானா என்றால் உடன்பிறந்தவள். மென்திரா என்றால் பொய். ஒரு முழு வாக்கியமே சேர்த்துவிட்டேன்: "மி எர்மானா திஹோ லா வெர்தாத்." என் அக்கா உண்மையைத்தான் சொன்னாள்.

பெரஹெரவுக்கு அவன் பஸ் மறுபடியும் வரும். எல்லோரும் கடைக்குள் வந்து நின்றதும், அவன் வாயைத் திறக்குமுன் நான் திறப்பேன். முதலாளியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான். அன்றைக்கே என்னையும் அனுப்பிவிடுவார், தெரியும். அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அம்மா மருந்தை விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, "நல்லா சத்தமா சொல்லு" என்றார்.

சத்தமாகச் சொல்வேன் அக்கா.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த,
தங்கச்சி செல்வி