பின்னறையிலிருந்து வந்த தாள்கள்

இன்று காலையில் பிரிண்டரின் தாள் தட்டை இழுத்தேன். ரேஷன் கார்டிலிருந்து உன் பெயரை எடுக்க வேண்டுமாம், அதற்கு ஒரு நகல் கேட்டிருந்தார்கள். உள்ளே தாள்களுக்கு மேலே இரண்டு பல்லி முட்டை. ஒன்று பொரிந்து வெறும் ஓடு மட்டும் கிடந்தது. நீ போனதற்குப் பிறகு நான் இந்த மெஷினைத் தொடவே இல்லை என்பதை ஒரு பல்லி கண்டுபிடித்துக் குடும்பமே நடத்தியிருக்கிறது. முட்டையைப் பைய எடுத்து ஜன்னல் படியில் வைத்தேன். நகல் எடுக்கவில்லை. கவலை வந்தால் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன் நான். இன்றைக்குக் கணக்கும் ஓடவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

உனக்கு வாய்தான் பெரிய சொத்து. நான் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டுச் சைக்கிளில் ஊர் ஊராக ரப்பர் மரத்து ஒட்டுப்பால் வாங்கித் தொழில் தொடங்கினவன். நீ கீரிப்பாறையில் எஸ்டேட் ஆபீசில் டைப் அடித்தவள். கல்யாணமாகி அருமனைக்கு வந்த அன்றிலிருந்து என் வியாபாரத்தில் பாதி உன் வாயால் நடந்தது. கடையாக இருந்த முன்னறையில் நான் ரப்பர் ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுக்களையிலிருந்து உன் குரல் வரும். "அந்த ஆளு போன தடவை ஒட்டுப்பால்ல மண்ணு சேத்தவனாக்கும். நல்லா பாத்து எடுங்க." வந்தவன் முகம் கறுக்கும். சரக்கு சுத்தமாகும்.

அந்தத் தொண்டையில்தான் ஆப்பரேஷன் செய்தார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு குழாயோடு வீட்டுக்கு வந்தாய். உயிர் இருந்தது. சத்தம் இல்லை. கூப்பிட ஒரு மணி வாங்கி வந்தேன். நீ சிலேட்டில் எழுதிக் காட்டினாய். "மணி வேண்டாம். மணிச்சத்தம் கேட்டா நீங்க பள்ளிக்கூடம் விட்டாச்சுன்னு ஓடிருவீங்க." சரி, போனில் மெசேஜ் போடு என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தாய். "உங்க போன்ல ரப்பர் விலை சொல்லுற ஆம்பிளைகளுக்கு நடுவுல நான் எத்தனையாவது ஆளாக்கும்?"

முன்னறைக் கம்ப்யூட்டரையும் அதோடு கிடந்த பிரிண்டரையும் உன்னுடைய பழைய லேப்டாப்போடு சேர்த்துவிடலாம் என்று யோசனை சொன்னது நீதான். அந்த லேப்டாப் நம் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கிடைத்தது. விண்டோஸ் போட்டால் நகராது என்று மகன் அதில் லினக்ஸ் போட்டிருந்தான். முன்னறையில் விண்டோஸ், பின்னறையில் லினக்ஸ். ஒன்றுக்கொன்று பாஷை தெரியாத சம்பந்திகள் மாதிரி இரண்டும் முறைத்துக்கொண்டு நின்றன. மகன் போனிலேயே வழி சொல்ல, நீ பின்னறைக் கட்டிலில் இருந்தபடியே ஒரு பகல் முழுவதும் மல்லுக்கட்டி இரண்டையும் பேச வைத்தாய். அதற்குப் பிறகு நீ பின்னறையில் விசையைத் தட்டினால் என் முழங்கைப் பக்கத்தில் தாள் வரும்.

முதல் தாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. "கண்ணாடி தேட வேண்டாம்னு எழுத்தைப் பெருசாக்கிருக்கேன். உங்க 'தா வாறேன்'க்கு அரை மணிக்கூர். இதுக்காவது எழும்பி வாங்க." லோடு ஏற்றும் சுமட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே எழும்பி வந்தேன். அவர்களுக்கும் அது பழகிவிட்டது. தாள் வரும் சத்தம் கேட்டால், "முதலாளி, சம்மன் வந்தாச்சு" என்பார்கள்.

நம் பக்கத்தில் இடி முழங்கினால் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். முதல் முழக்கத்துக்கே டிவி, பிரிட்ஜ், மோடம் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிப் போட்டுவிடுவோம். மழை விட்ட பிறகு திரும்பச் சொருகுவோம். ஐப்பசியில் இது தினசரி வேலை. மகன் லீவில் ஊருக்கு வந்திருந்த அன்றும் அப்படித்தான். மழை விட்டது, எல்லாவற்றையும் சொருகினேன், முன்னறையில் லோடு ஏற்ற நின்றேன். பின்னறையிலிருந்து தாள் எதுவும் வரவில்லை. தூங்குகிறாய் என்று நினைத்தேன்.

டம்ளர் விழும் சத்தம் கேட்டு ஓடி வந்தபோது உன் முகம் நீலம் பாரித்திருந்தது. குழாயில் சளி அடைத்திருந்தது. நர்ஸ் பழக்கித் தந்தபடி மெஷின் வைத்து உறிஞ்சி எடுத்தேன். மூச்சு வந்ததும் நீ சிலேட்டை இழுத்து முதலில் எழுதியது, "தாள் வரல்லியா?" லேப்டாப்பில் பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி வைத்திருக்கிறாய். அத்தனையும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

மகன் பயந்துபோனான். "இதைத் தூக்கிப் போடுங்கப்பா, புது பிரிண்டர் வாங்கித் தாறேன்" என்றான். எனக்கு அது ஒப்பவில்லை. லோடு போய்ச் சேரவில்லை என்றால் நான் லாரியை மாற்ற மாட்டேன், விலாசத்தைத்தான் முதலில் பார்ப்பேன். காலையில் சரியாக இருந்தது, இடையில் நாம் செய்தது பிளக்கைப் பிடுங்கியது மட்டும்தான், அதில்தான் ஏதோ இருக்கிறது என்றேன். நீ தலையை ஆட்டினாய். மோடம் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர் கொடுக்கும் என்று உனக்குத் தெரியும். உன் லேப்டாப் எந்த நம்பருக்கு அனுப்புகிறது என்று நீ எழுதித் தந்தாய். நான் முன்னறையில் போய்ப் பார்த்தேன். அங்கே வேறு நம்பர். பழைய நம்பர் மகனுடைய ஆப்பிள் லேப்டாப்பில் இருந்தது.

"ஏலே, அம்மாக்க தாளு வரவேண்டிய நம்பரை நீ எதுக்குல எடுத்த?"

"நான் எடுக்கல்லப்பா. கரண்டு வந்ததும் மோடம் தானாட்டு குடுத்தது. யார் முதல்ல கேக்குதாவளோ அவங்களுக்குக் குடுக்கும்."

"அப்போ முன்னறைக்கு ஒரு நம்பரை எழுதி வையி. இடி விழுந்தாலும் மாறப்பிடாது."

மோடத்தின் உள்ளே போய் அவன் அப்படியே செய்தான். ஆனாலும் தாள் வரவில்லை. மறுபடியும் தோண்டினான். கடைசியில் முன்னறைக் கம்ப்யூட்டரில் ஏதோ பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இது எப்பவாவது ஏதாச்சும் கேட்டுதாப்பா?"

"மழை விட்ட பிறகு கேட்டுது. இது வீடா, பொது இடமான்னு."

"நீங்க என்ன சொன்னிய?"

"பொது இடம்னு அமுக்கினேன். நாலு பேர் வந்து போற கடைதானே? அதுட்ட பொய் சொல்லச் சொல்லுதியா?"

பொது இடம் என்று சொன்னதால் அது கதவை அடைத்துக்கொண்டு பிரிண்டரை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறது. மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். நீ சிரித்தாய். சத்தமே வராத அந்தச் சிரிப்பு தோளை மட்டும் குலுக்கும். சிலேட்டில் எழுதினாய். "வியாபாரத்துல சொல்லாத உண்மையை எல்லாம் கம்ப்யூட்டர்ட்ட போய் சொல்லிருக்கீங்க."

வீடு என்று மாற்றினோம். நம்பிக்கை வராமல் நானே மோடத்தின் பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் சொருகினேன். முன்னறையில் போய் நின்றேன். பிரிண்டர் செருமியது. தாள் வந்தது. "இப்ப கேக்குதா?" அவ்வளவுதான் அதில். சுமட்டுக்காரன் ஒருவன் பார்த்துக்கொண்டு நின்றான். "கேக்குது கேக்குது" என்று பின்னறையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். உனக்குக் காது நன்றாகவே கேட்கும் என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ இடி முழங்கியது. தாள் தவறவில்லை. ஆனால் தாளில் எழுத்து குறைந்துகொண்டே வந்தது. வசவு போய் ஒரு வரியானது. வரி போய் ஒரு சொல்லானது. "தண்ணி." "திருப்பிப் படுக்கணும்." "வாங்க." உன் விரலுக்குத் தெம்பு குறைவது எனக்கு முன்னறையில் இருந்தே தெரிந்தது. டாக்டர் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஒரு நாள் வெள்ளைத் தாள் வந்தது. மை தீர்ந்துவிட்டது என்று நினைத்து டோனரைக் கழற்றிக் குலுக்கினேன். இன்னொன்று வந்தது, அதுவும் வெள்ளை. என் அறிவுக்கு எட்டியது அவ்வளவுதான். ரெண்டு தாளையும் கொண்டு வந்து, "ஏட்டி, ஒண்ணும் விழல்லியே, திரும்ப அனுப்பு" என்றேன். நீ இல்லை என்று தலையசைத்தாய். கட்டிலில் உன் பக்கத்து இடத்தைக் கையால் ரெண்டு தட்டு தட்டினாய். நான் உட்கார்ந்தேன். வெளியே லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கட்டும் என்று விட்டது என் தொழிலில் அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு வெள்ளைத் தாளுக்கு நான் காரணம் கேட்கவில்லை. வரும், எழும்புவேன், வந்து உட்காருவேன். சில நாள் வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும், நான் முன்னறைக்குப் போய்ச் சேருவதற்குள் அடுத்தது வந்து கிடக்கும். எனக்கு எரிச்சலும் வெப்ராளமும் வந்ததே இல்லை என்று சொன்னால் நீயே சிரிப்பாய். வந்தது. ஆனாலும் வந்தேன்.

நீ போன அன்று தாள் வரவில்லை. வர வேண்டிய தேவை இருக்கவில்லை. நான் உன் பக்கத்தில்தான் இருந்தேன்.

மகனும் மகளும் ஒழுங்காகப் போன் பண்ணுகிறார்கள். கடை நடக்கிறது, சரக்கு வருகிறது, போகிறது. சாரமில்லை, பரவாயில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லுகிறேன், பெரும்பாலும் அது உண்மையும்தான். மனசு ஒருவாறு தெளிந்துவிட்டது. உடம்புக்குத்தான் இன்னும் விஷயம் போய்ச் சேரவில்லை. போன மாதம் தக்கலையில் ஒரு ஆபீசில் என் முறைக்காகக் காத்து உட்கார்ந்திருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் ஒரு பிரிண்டர் செருமித் தாளை இழுத்தது. நான் எழும்பி நின்றுவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"இருங்கண்ணே, உங்களைக் கூப்பிடல்ல."

"தெரியும் மக்ளே" என்றேன். தெரியும்தான். ஆனாலும் உடனே உட்கார மனசு வரவில்லை.